வாசிலின் இரண்டாவது மகள்

ரயீசா பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைத் தேய்த்துக்கொள்வார்கள். சுட்ட இரும்பின் வாடை அவள் கோட்டை விட்டுப் போனதே இல்லை. ஹைனுவ்கா என்ற சின்ன நகரத்தில் மரம் அறுக்கும் எந்திரங்கள் செய்த தொழிற்சாலையில், பள்ளி முடித்த கையோடு வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அங்கே பெண் வெல்டர் அவள் ஒருத்திதான். இடது புருவத்தில் பாதியைத் தீப்பொறி தின்றிருந்தது. கல்யாணமும் ஒன்று நடந்தது. "இரும்பு வளையுது, இவ வளையமாட்டேங்கிறா" என்று சொல்லிவிட்டுக் கப்பல் கட்டும் வேலைக்கு வடக்கே போன புருஷன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்காக ஒரு நாள் அழுதாள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

பேச்சு அவளுக்கு வராது. நாலு பேர் கூடிய இடத்தில் அவளிடம் ஏதாவது கேட்டால், கழுத்து சிவந்து கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வாள்.

அதே ஊர்த் தமாரா அதற்கு நேர்மாறு. கலாசார மையத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவள். வாயைத் திறந்தால் பால் பொங்குகிற மாதிரி கதை பொங்கும். வெயில் உச்சியில் காயும் நண்பகலில் வயலில் அலையும் வெள்ளையுடைக்காரி, அடுப்புக்குப் பின்னால் குடியிருக்கும் தாடிக்கார வீட்டுப் பூதம், நெருப்புச் சிறகுப் பறவை என்று எங்கள் பக்கத்துப் பழைய பூதகணங்கள் அத்தனையும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

தொழிற்சாலை மூடப்பட்ட வருடம், நடுக்கோடை இரவில் நடக்கும் குபாலா திருவிழாவுக்கு மேடை அலங்காரம் செய்யத் தமாராவுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பெரணிச் செடி பூக்கவே பூக்காது. ஆனால் குபாலா அன்று காட்டுக்குள் எங்கோ ஒன்றே ஒன்று பூக்கும், அதைக் கண்டவனுக்குப் புதையல் கிடைக்கும் என்பார்கள். அந்தப் பூவைத்தான் தமாரா கேட்டாள். பழைய பித்தளைத் தகட்டை வெட்டி, மணல் மூட்டையில் வைத்துத் தட்டி, இதழ் இதழாக விரித்து, நடுவில் ஒரு பல்பை ஒளித்துவைத்துக் கொண்டுவந்தாள் ரயீசா. பொழுது சாய்ந்து அதை ஏற்றியதும், பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை விட்டுவிட்டு வந்து அதைச் சுற்றி நின்றார்கள்.

அன்றைக்கே தமாரா முடிவுகட்டிவிட்டாள். "ராயா, கை உன்னுது, வாய் என்னுது. ரெண்டையும் சேத்து வச்சா நாம பொழச்சுக்கலாம்டி."

பிழைத்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். தமாரா வரைவாள், ரயீசா அடிப்பாள். வீட்டுப் பூதத்தின் இரும்புத் தாடி வழியே வெளிச்சம் கசியும் மேசை விளக்கு, நெருப்புப் பறவையின் வாலில் செம்பு இறகுகள் தொங்கும் சரவிளக்கு என்று ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்துப் பெருநகரம் பியாவிஸ்டோக்கிலிருந்தும் தலைநகர் வார்சாவிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து வாங்கிப்போனார்கள். வந்தவர்களிடம் பேசுவது தமாரா. அந்த நேரத்தில் ரயீசா பின்பக்கம் போய் எதையாவது அரம் போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் சூப் குடித்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் போய் அடுப்பு மூட்டிக்கொடுத்தாள். கூடப்பிறந்தவர்கள்கூட அப்படி இருக்கமாட்டார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பதினைந்து வருடம் கழித்து ஒரு குளிர்காலத்தில், தமாராவின் வரைபடம் எதுவும் இல்லாமலே ரயீசா ஒரு விளக்கைச் செய்தாள். காகிதம் மாதிரி மெல்லியதாகத் தட்டிய செம்புக் கிண்ணம். அதன் உடம்பெல்லாம் ஊசித் துளைகள். மூன்று சங்கிலியில் தொங்கவிட்டால், கதவு திறக்கும் காற்றுக்கே அது மெல்லத் திரும்பும். சுவரெங்கும் சின்னச் சின்ன வெளிச்சங்கள் எழுந்து, ஆள் நடப்பதுபோல நடக்கும்.

தமாரா கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது எங்கேர்ந்துடி வந்துச்சு உனக்கு?"

அப்போதுதான் ரயீசா சொன்னாள், வாழ்க்கையில் முதன்முறையாக.

அவள் ஊர் லோசினா. நாரெவ் ஆற்றுச் சதுப்பின் ஓரத்தில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அந்தச் சதுப்பின் மேல் கொள்ளிவாய் வெளிச்சம் எழும். நிலம் அளக்க வந்து, லஞ்சம் வாங்கி, எல்லைக்கல்லைத் தள்ளி நட்ட அளவர்களின் ஆவிகள்தாம் செத்த பின்னும் லாந்தர் பிடித்துக்கொண்டு அளந்து திரிகின்றன என்பார்கள். ரயீசாவுக்கு ஏழு வயது இருக்கும்போது, மேயப்போன கிடாரி ஒன்று திரும்பவில்லை. அப்பா வாசில் தேடக் கிளம்பினார். ரயீசா வேலி வரைக்கும் கூடப் போனாள். மங்கின வேளை. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கிடாரியைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா வாயில் கையைக் குவித்துக் கூவினார்: "பிடிச்சுக்கோ, விட்டுடாத! இதோ வந்துட்டேன்!" கூவிவிட்டு நேரே நடந்தார். அதுதான் அவள் கேட்ட கடைசிக் குரல். சதுப்பு உறைந்து இறுகின பிறகுதான் அவர் உடலை எடுத்தார்கள். கிடாரி அன்றைக்கே தானாக வீடு வந்து சேர்ந்திருந்தது.

அந்தக் கூவலை ரயீசா அம்மாவிடம் சொன்னதில்லை. சொன்னால் அம்மா அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சின்ன வயதில் பயம். வயது ஏறியபின், இத்தனை நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று தயக்கம்.

தமாரா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையாகவே அழுதாள். அதை ரயீசா பின்னாலும் மறுத்ததில்லை.

வசந்தத்தில் பியாவிஸ்டோக்கில் கண்காட்சி. பெரிய கூடத்தின் நடுவே செம்புக் கிண்ணம் தொங்கியது. விளக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் ஏற்றினார்கள். கூடியிருந்தவர்களின் முகங்களில் வெளிச்சம் நடந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். ரயீசா இரண்டாவது வரிசையில், கடன் வாங்கின காலணி காலைக் கடிக்க உட்கார்ந்திருந்தாள். தமாரா ஒலிபெருக்கி முன்னால் வந்தாள்.

"எனக்கு அப்ப ஏழு வயசு," என்று ஆரம்பித்தாள். "எங்கப்பாவோட வேலி வரைக்கும் போனேன்."

முதலில் ரயீசாவுக்குப் புரியவில்லை. தன் பெயரை இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காத்திருந்தாள். கிடாரி வந்தது. மங்கின வேளை வந்தது. லோசினா என்ற ஊர்ப்பெயர்கூட வந்தது. தமாரா வாயில் கையைக் குவித்து, "பிடிச்சுக்கோ, விட்டுடாத! இதோ வந்துட்டேன்!" என்று அந்தக் கூடம் அதிரக் கூவினாள். முன்வரிசைப் பெண்மணி கைக்குட்டையை எடுத்தாள். ரயீசாவின் பக்கத்திலிருந்த கனவான் அவள் பக்கம் சாய்ந்து, "பாவம், எப்படித் தாங்கிக்கிட்டாங்களோ" என்றார். ரயீசா தலையை ஆட்டினாள்.

வீடு திரும்பும் வண்டியில் கேட்டாள். "ஏன் தமாரா?"

"எதை? அதுவா?" தமாரா சன்னல் பக்கம் பார்த்தாள். "மேடைல நின்னுட்டு 'என் தோழியோட அப்பா'ன்னு ஆரம்பிச்சா யாரு கேப்பா? அது வாய் தவறி அப்படி வந்துடுச்சுடி. எத்தனை பேரு அழுதாங்க பாத்தியா? உங்கப்பாவுக்காகத்தான அழுதாங்க."

"உங்கப்பான்னு நெனச்சுல்ல அழுதாங்க."

"நீ எழுந்து பேசுவியா? உனக்குத்தான் வாயே வராதே!"

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் கத்தி மாதிரி இறங்கியது. ரயீசா இதோடு முடிந்துபோகும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோவில் பூசை முடிந்து ஜனங்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அதைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். அன்று பிற்பகல் அம்மா தெக்லா போனில் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"அந்தப் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணுடி?"

"எந்தப் பொண்ணும்மா?"

"டீவில உங்கப்பனை எங்கப்பன்னு சொல்லிட்டு நிக்கிறாளே, உன்கூடத் தொழில் பண்றவ, அவதான். அவ அம்மா பேரென்ன?"

"நீனா. ஹைனுவ்கால இருக்காங்க. எதுக்கும்மா?"

"பால் நிலையத்து நீனாவா?" என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டாள்.

ரயீசாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. மறுநாள் ஊருக்குப் போனபோது விளங்கியது. லோசினாவைச் சுற்றியிருந்த ஐந்தாறு ஊர்களின் பாலெல்லாம் ஒரே நிலையத்துக்குத்தான் போகும். அங்கே பாலை அளந்து வாங்கியவள் நீனா. கல்யாணமாகாமல் ஒரு பெண்குழந்தையைப் பெற்றவள். தகப்பன் யார் என்று பாதிரியாரிடம்கூடச் சொல்லாதவள். அந்தக் குழந்தைதான் தமாரா, ரயீசாவைவிட இரண்டு வயது சின்னவள். வாசில் தினமும் காலையில் வண்டி கட்டிக்கொண்டு அங்கே பால் ஊற்றப் போனவர். ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "அட, சாடை பாத்தியா, அதே நெத்தி," என்றது ஊர். "ஓகோ, அதான் அம்புட்டு சீக்கிரமா வண்டி கட்டுவாரா?" என்று சிரித்தது. கடைக்காரி லூபா, தெக்லாவின் பையில் ரொட்டியைப் போட்டுக்கொண்டே, "பெரியவளுக்கும் சின்னவளுக்கும் என்ன ஒத்துமை! சேந்தே தொழில் பண்ணுதுங்க பாரு," என்றாளாம்.

தெக்லா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் பாப்கா கருகிக்கொண்டிருந்தது, அவள் எழவில்லை.

"அன்னைக்கு அவரு என்ன கூவினாரு?" என்று கேட்டாள். "டீவில அவ சொன்னாளே. 'இதோ வந்துட்டேன்'னு. யாருகிட்ட சொன்னாரு? சதுப்புல யாரு லாந்தர் புடிச்சு நின்னா?"

"யாரும் நிக்கலம்மா. அது கொள்ளிவாய் வெளிச்சம். அவரு கூவினதை நான்தான் கேட்டேன். தமாராகிட்ட நான்தான் சொன்னேன்."

தெக்லா நிமிர்ந்தாள். "நீ கேட்டியா?"

"ஆமா."

"இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லாததை அவகிட்ட சொன்னியா?"

ரயீசாவின் கழுத்து சிவந்தது. கைகள் தாமாகக் கோட்டுப் பைக்குள் போயின.

"பொய் சொல்ற," என்றாள் தெக்லா, கோபம்கூட இல்லாமல். "என் மனசு ஆறணும்னு சொல்ற. நீ கேட்டிருந்தா எங்கிட்ட ஓடி வந்திருப்ப. ஏழு வயசுப் புள்ள அதை வயித்துக்குள்ள வச்சுக்குமா?"

அந்த வசந்தத்தில், ஈஸ்டர் கழிந்து எல்லோரும் முட்டையும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும் நாளில், தெக்லா போகவில்லை. முழங்கால் வலி என்றாள். வாசிலின் கல்லறையில் ரயீசா தனியாக நின்றாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் அவளைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்காவை ஊற்றினார்கள்.

அங்கிருந்து அவள் நேரே பட்டறைக்குப் போனாள். தமாரா ஏதோ ஓட்டலுக்கு அனுப்பும் விளக்குகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் செம்புக் கிண்ணங்கள்.

"நீ லோசினாவுக்கு வரணும். எங்கம்மாகிட்ட உண்மையைச் சொல்லணும்," என்றாள் ரயீசா.

"என்ன உண்மை?"

"அது உன் அப்பா இல்லங்கிற உண்மை."

தமாரா வைக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு, மெதுவாக, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"என்னது?"

"எங்கம்மா இதுவரைக்கும் ஒரு பேரும் சொன்னதில்ல. உங்கூர்ல எல்லாரும் சொல்றாங்களே, அதே நெத்தின்னு. நானும் கண்ணாடில பாத்தேன் ராயா." அவள் குரலில் கெஞ்சல் இருந்தது, ஆசையும் இருந்தது. "இருக்கலாம்ல? நீ அந்தக் கதையைச் சொன்னப்ப நான் ஏன் அப்படி அழுதேன்? ரத்தம் இல்லாமயா?"

ரயீசா அவளை அடித்துவிடுவாள் என்றுதான் தமாரா நினைத்திருப்பாள். ஓரடி பின்னால் போனாள். ரயீசா அடிக்கவில்லை. மேலே கொக்கியில் தொங்கிய கிண்ணத்தைக் கழற்றினாள், தான் முதலில் செய்ததை. பட்டடையில் கவிழ்த்து வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி, அது பழையபடி வெறும் தகடாகும்வரை நிறுத்தவில்லை. தமாரா கதவோரம் நின்று, "பைத்தியம், பைத்தியம்" என்று முணுமுணுத்தாள். ரயீசா தன் சுத்தியல்களை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். அவள் வாழ்க்கையில் கூட இருந்தே குழி பறித்தவர்கள் இரண்டு பேர் என்றால், முதலாமவன் புருஷன். அவனுக்காக ஒரு நாள்தான் அழுதாள். இதற்கு அழுகையே வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

கடைசியில் அவள் போனது நீனாவிடம். நான்கு மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். நீனா ஒல்லியான, நறுக்கென்ற கிழவி. ரயீசா திக்கித் திணறிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "வாசிலா? அந்த மனுசனா!" என்று நெஞ்சில் கைவைத்தாள். "டீவியை நானும் பாத்தேன். ஏதோ கதைக்குச் சொல்றா, ஊருக்கெல்லாம் சொல்ற மாதிரின்னு விட்டுட்டேன். உங்கம்மா நம்புறாளா?"

"நம்புறாங்க."

நீனா அன்றைக்கே தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். வழியில் ஒரு கசகசா ரொட்டி வாங்கினாள். வெறுங்கையோடு போகமாட்டாள்.

தெக்லா கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உன் புருஷன் பால்ல தண்ணி ஊத்துவான், தெரியுமா?" என்றாள் நீனா, வாசலில் நின்றபடியே.

"என்னது?"

"தினமும் சண்டை. நான் பால்மானியைப் போடுவேன், அது முங்கும். 'நீனா, உன் கண்ணு கோளாறு'ம்பான். 'வாசில், உன் மாடு ஆத்துக்குள்ள நின்னு பால் கறக்குதா'ம்பேன். வரிசைல நிக்கிறவங்க எல்லாம் சிரிப்பாங்க. எனக்கும் அவனுக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான் தெக்லா. இன்னைக்கு நெனச்சாலும் எரிச்சலா வருது."

தெக்லா கதவை விட்டு விலகி வழிவிட்டாள். "பாதி வாளி ஊத்துவாரு," என்றாள். "நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."

இருவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். நீனா ரொட்டியை எடுத்துவைத்தாள். பிறகு ரயீசாவைத் திரும்பிப் பார்த்தாள், தெக்லாவையும் பார்த்தாள். "இது பத்தாது உனக்கு. இவன் இல்லன்னா வேற எவன்னு உன் மனசு கேக்கும். பேரைச் சொன்னாத்தான் அடங்கும்."

"ரயீசா, கொட்டாய்ல போய் விறகு எடுத்துட்டு வா," என்றாள் தெக்லா.

"விறகு இருக்கேம்மா."

"இன்னும் எடுத்துட்டு வா."

ரயீசா கொட்டகையில் நின்றாள். சன்னல் வழியாக இரண்டு தலைத்துணிகள் நெருங்கியிருப்பது தெரிந்தது. ஒரு கட்டத்தில் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் விறகோடு உள்ளே வந்தபோது இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தெக்லா அழுதுமுடித்த முகத்தோடு ரொட்டி வெட்டினாள்.

நீனா பேருந்தேறிப் போன பிறகு ரயீசா கேட்டாள். "யாரும்மா?"

"உங்கப்பன் இல்ல. உனக்கு அது போதும்."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

தெக்லா மேசையைத் துடைத்தாள். "நீ சொல்லிடுவ," என்றாள். கடிந்து சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். ரயீசாவுக்கு அது மேடையில் கேட்டதைவிட வலித்தது.

ஒரு வாரத்துக்குள் தமாரா வந்தாள். ரயீசா அப்போது ஊரில் அம்மாவின் பழைய மாட்டுக்கொட்டகையைப் பட்டறையாக மாற்றிக்கொண்டிருந்தாள். தமாராவின் முகம் வீங்கியிருந்தது.

"எங்கம்மா இங்க வந்து என்ன சொன்னா? எங்கிட்ட வாயே திறக்கமாட்டேங்கிறா. 'உங்கிட்ட சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை டீவில வரும்'ங்கிறா. அந்தாளு யாரு ராயா? உயிரோட இருக்காரா?"

"எனக்குத் தெரியாது."

"பொய்! பழிவாங்குற."

"என்னை வெளியில அனுப்பிட்டுத்தான் சொன்னாங்க."

"உங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லு. உன் காலைப் பிடிக்கிறேன்."

"கேட்டேன். எங்கிட்டயும் சொல்லல."

தமாரா நம்பவில்லை. பதினைந்து வருடத்தில் ரயீசா ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் நம்பவில்லை. சேற்றில் காலணி புதையப் புதையப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். ரயீசா அவளைக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.

தமாரா பியாவிஸ்டோக்கில் வேறு ஒரு கொல்லனை வைத்துக்கொண்டு கடை திறந்தாள். செம்புக் கிண்ணங்கள் நன்றாகவே விற்றன. கதையும் கூடவே விற்றது. ஒரு முறை அவள் தொலைக்காட்சியில் சொன்னபோது கிடாரிக்கு ஒரு பெயர்கூட இருந்தது. ரயீசா அந்த விளக்கை மறுபடி செய்யவில்லை. நண்பகல் வெள்ளையுடைக்காரியையும் காட்டைக் காக்கும் கிழட்டுப் பூதத்தையும் செய்தாள். வாங்க வருகிறவர்களிடம் பேச ஆளில்லாமல், வியாபாரம் பாதியாகச் சுருங்கியது. கோடைக்கு ஒன்றிரண்டு பேர் வழி விசாரித்து வருவார்கள். அவள் விளக்கை ஏற்றிக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பாள்.

தெக்லா மறுபடி கல்லறைக்குப் போக ஆரம்பித்தாள். ஊர்தான் மாறவில்லை. ஒரு சனிக்கிழமை அம்மாவும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். லூபா தராசில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டே, கேட்க வேண்டியவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "உங்க சின்னவளை நேத்து டீவில பாத்தேன் தெக்லா. நல்லா சதை போட்டிருக்கா," என்றாள். கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள்.

ஒரு பெயரைச் சொன்னால் போதும், கடையே வாயடைத்துப் போகும். அந்தப் பெயர் அம்மாவின் நாக்கில் இருக்கிறது என்று ரயீசாவுக்குத் தெரியும். அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"நல்லா இருக்கட்டும்," என்றாள் தெக்லா. "அந்தச் சர்க்கரை எடை கொறையுது பாரு, இன்னும் ஒரு கை போடு."

வெளியே வந்ததும் ரயீசா பையை வாங்கிக்கொண்டாள். "ஏம்மா சும்மா வந்த? அப்பாவைச் சொல்றாங்க."

"சொல்லட்டும். நீனா என்னை நம்பில்ல சொல்லிட்டுப் போயிருக்கா."

காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசியது. தெக்லா தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள். ரயீசா இரண்டடி பின்னால் போனாள்.